எரிந்த சுருளும் எழுந்த மாடமும்

ஓர் ஊரின் வளத்தை அறிய விரும்புவோர் அதன் சந்தைக்குச் செல்வர். அதன் உழைப்பை அறிய விரும்புவோர் அதன் பட்டறைகளைக் காண்பர். அந்த ஊர் தன் பிள்ளைகளுக்கு எதை விட்டுச்செல்ல நினைக்கிறது என்பதை அறிய விரும்புவோரோ அதன் நூலகத்திற்குள் நுழைந்து பார்க்க வேண்டும்.

நம் திண்டுக்கல் பூட்டுக்குப் பெயர்பெற்ற ஊர். 2019-ஆம் ஆண்டில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பூட்டு ஒரு பொருளைக் காக்கிறது. பிறர் கைக்கு எட்டாதவாறு காக்கிறது. நூலகமும் ஒரு காவல் வீடுதான். ஆனால் அதன் காவல் வேறு வகையானது. அது கதவைத் திறந்து வைத்துக் காக்கிறது. பலர் கை பட்டால்தான் நூல் உயிரோடிருக்கும். எவர் கையும் படாத நூல் அலமாரிக்குள்ளேயே இறந்துவிடுகிறது. எனவே நூலகம் எல்லாருக்கும் திறந்திருக்கிறது. திறந்திருப்பதாலேயே எளிதில் காயப்படவும் செய்கிறது. அறிவைத் தேடி வருபவன் நுழையும் அதே வாசல் வழியே தீவட்டி ஏந்தியவனும் நுழைந்துவிட முடியும்.

1981-ஆம் ஆண்டு மே 31-ஆம் நாளுக்கும் சூன் 1-ஆம் நாளுக்கும் இடைப்பட்ட இரவில் யாழ்ப்பாணத்தில் அவ்வாறே நிகழ்ந்தது. தெற்காசியாவின் சிறந்த நூலகங்களுள் ஒன்றாகப் போற்றப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகம் அன்றிரவு தீக்கிரையாயிற்று. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின.

கடல் கடந்த ஓர் ஊரின் நூலகத்தைப் பற்றித் திண்டுக்கல் சமவெளியில் பங்குப் பணியாற்றும் நாம் ஏன் எழுத வேண்டும் என்று வாசகர் கேட்கலாம். அதற்குக் காரணங்கள் மூன்று. அந்நூலகத்தை எழுப்பியதில் தமிழகத்தாரின் அறிவும் கலந்திருக்கிறது. அதன் தொடக்கத்திலும் அழிவிலும் கத்தோலிக்கக் குருக்கள் இருவரின் வாழ்வு பின்னிக் கிடக்கிறது. மூன்றாவதாக, அந்த மண்ணிலிருந்து வந்த மக்கள் இன்று நம் அயலாராக இருக்கின்றனர். திண்டுக்கல்லை அடுத்த தோட்டனூத்தில் 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் இலங்கைத் தமிழர் குடும்பங்களுக்காக 321 வீடுகள் திறந்துவைக்கப்பட்டதை வாசகர் அறிவர். அயலானின் துயரம் நமக்குத் தொலைவான செய்தியாக இருத்தலாகாது.

ஓர் அறையிலிருந்து ஒரு மாடம்

பெரிய காரியங்கள் பல சிறிய அறைகளில்தான் பிறக்கின்றன. 1933-ஆம் ஆண்டில் க. மு. செல்லப்பா என்பவர் தம் வீட்டிலிருந்தே நூல்களை இரவல் தரத் தொடங்கினார். அரசாணையும் இல்லை, கொடைவள்ளல் எவரும் இல்லை. தம்மிடம் இருந்ததைப் பிறரும் படிக்க வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே அவரிடம் முதலாக இருந்தது. மறு ஆண்டில் ஊர்ப் பெரியோர் ஒன்றுகூடிக் குழு அமைத்தனர். செல்லப்பா அதன் செயலாளரானார். ஒரே அறையில் ஏறத்தாழ ஆயிரம் நூல்களும் இதழ்களுமாக அந்த நூலகம் நடைபோடத் தொடங்கிற்று. பின்னர் நகர நிருவாகம் அதைத் தன் பொறுப்பில் ஏற்றுக்கொண்டது.

ஊர் வளர்ந்தது; படிப்போர் பெருகினர்; அறை போதவில்லை. நிலையான, பெரிய கட்டடம் ஒன்று வேண்டும் என்ற எண்ணம் 1950-களின் தொடக்கத்தில் உருப்பெற்றது. அப்போது முன்னின்றவர்களுள் நகர முதல்வர் சாம் சபாபதியும், புனித பத்திரிசியார் கல்லூரியின் அதிபராக விளங்கிய லோங் அடிகளாரும் குறிப்பிடத்தக்கவர்கள். லோங் அடிகளார் அயர்லாந்தில் பிறந்தவர். அமலமரித் தியாகிகள் சபைத் துறவி. தமிழ் அவருடைய தாய்மொழி அன்று. அந்த ஊரில் பெரும்பாலோர் அவருடைய சமயத்தைச் சார்ந்தவரும் அல்லர். ஆயினும் அவ்வூர்ப் பிள்ளைகள் நிழலில் அமர்ந்து படிக்க ஒரு மாடம் வேண்டும் என்று அவர் அலைந்தார். மக்கள் களியாட்ட விழா நடத்தினர், அதிர்ஷ்டச் சீட்டு விற்றனர், பணம் சேர்த்தனர். ஆக, அந்தக் கட்டடத்தின் கற்களுள் பல ஏழை எளியவரின் சில்லறைக் காசுகளால் வந்தவை.

வரைபடத்தைத் தந்தவர் சென்னையைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் நரசிம்மன். ஆலோசனை வழங்கியவர் சீர்காழியில் பிறந்து உலக நூலகர்களுக்கெல்லாம் ஆசானாக உயர்ந்த எஸ். ஆர். அரங்கநாதன். 1931-ஆம் ஆண்டில் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை வகுத்தவர் அவரே. நூல்கள் அடுக்கி வைக்கப்படுவதற்காக அல்ல, பயன்படுத்தப்படுவதற்காகவே உள்ளன என்பது முதல் விதியின் கருத்து. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் ஓர் உயிர்ப்பொருள் என்பது ஐந்தாம் விதியின் கருத்து. 1954-ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பட்ட யாழ்ப்பாணக் கட்டடம் 1959-ஆம் ஆண்டில் நகர முதல்வர் அல்பிரட் துரையப்பாவால் திறந்துவைக்கப்பட்டபோது, அந்த ஐந்தாம் விதிக்கு அது சான்றாக விளங்கிற்று. 1967-இல் சிறுவர் பகுதி சேர்ந்தது. 1971-இல் கேட்போர் கூடம் சேர்ந்தது. அறிஞர்களின் தனித் தொகுப்புகளும், பழைய செய்தித்தாள்களும், ஓலைச்சுவடிகளும் அங்கு அடைக்கலம் புகுந்தன. தமிழகத்திலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் ஆய்வாளர்கள் அங்கே சென்று பயின்றனர்.

வெண்ணிறச் சுவர்களும் குவிமாடமும் கொண்ட அந்தக் கட்டடத்தின் முன்னே கலைமகளின் சிலை அமைந்தது. அயர்லாந்துத் துறவிக்கும் அவ்வளாகத்தில் சிலை உண்டு. சைவரும் கிறித்தவரும் இசுலாமியரும் ஒரே நீள்மேசையில் அருகருகே அமர்ந்து படித்த வீடு அது. பல சமய உரையாடல் என்று நாம் இன்று கருத்தரங்குகளில் பேசுவதை, அந்த வீடு பேசாமலே செய்துகொண்டிருந்தது.

அந்த இரவு

1981-ஆம் ஆண்டு தமிழ் உலகிற்கு விழாக்கோலத்தோடுதான் விடிந்தது. அவ்வாண்டு சனவரியில் மதுரையில் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு நடைபெற்றது. அப்போது நமக்குப் பத்து வயது. தந்தையின் கைபிடித்துத் திண்டுக்கல்லிலிருந்து பேருந்தேறி மதுரை சென்று, கூட்ட நெரிசலுக்கிடையே ஊர்வலத்தை எட்டிப் பார்த்த நினைவு இன்னும் மங்கவில்லை. அம்மாநாடுகளுக்கு வித்திட்டவர் யாழ்ப்பாணத் தீவுகளுள் ஒன்றான ஊர்காவற்றுறை தந்த கத்தோலிக்கக் குரு சேவியர் தனிநாயகம் அடிகளார் என்பதை நாம் குருமடத்தில் சேர்ந்த பின்னரே அறிந்தோம். அவர் 1980-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்திலேயே இறைவனடி சேர்ந்துவிட்டார். மதுரை மாநாட்டையும் அவர் காணவில்லை. ஐந்து மாதங்கள் கழித்துத் தம் மண்ணில் மூண்ட தீயையும் காணவில்லை.

யாழ்ப்பாணத்தில் அப்போது மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. மே 31-ஆம் நாள் மாலை தமிழர் விடுதலைக் கூட்டணியின் கூட்டமொன்றில் காவலர்கள் சுடப்பட்டனர், உயிர்கள் போயின. அதுவும் ஒரு பாவமே. அதை மறைத்துவிட்டு மற்றதைப் பேசுதல் அறமாகாது. அதன் பின்னர் காவல் உடையில் இருந்தோரும் அவர்களோடு சேர்ந்தோரும் நகரெங்கும் தீ வைத்தனர். கட்சி அலுவலகம், நாடாளுமன்ற உறுப்பினரின் இல்லம், 'ஈழநாடு' நாளிதழின் பணிமனை, கடைகள் ஆகியவை எரிந்தன. நூலகமும் எரிந்தது. கொழும்பிலிருந்து வந்திருந்த அமைச்சர் இருவர் அவ்வேளையில் அதே நகரில் தங்கியிருந்தனர்.

வெகுளியில் மூண்ட கலவரம் என்று கடையெரிப்பை ஒருவேளை விளக்கிவிடலாம். நூலகத்தை எரித்ததை எவ்வாறு விளக்குவது? அங்கே கொள்ளையிடப் பொன் இல்லை. எதிர்த்துச் சுட ஆளும் இல்லை. அதை எரிப்பவன் ஓர் இனத்தின் நினைவை எரிக்க விரும்புகிறான் என்றே கொள்ள வேண்டியுள்ளது.

அன்றிரவு அந்தத் தீயைத் தொலைவிலிருந்து கண்டவர்களுள் ஒருவர் தாவீது அடிகளார். பன்மொழிப் புலவர், நல்லூர் ஞானப்பிரகாச அடிகளாரின் வழியில் தமிழ்ச் சொற்களின் வேர்களைத் தேடி ஆய்ந்தவர். சொல்லாய்வாளருக்கு நூலகம் என்பது உழவனுக்கு வயலைப் போன்றது. தாம் தங்கியிருந்த இல்லத்திலிருந்து வானைச் சிவக்க வைத்த அந்தத் தீயைக் கண்ட அடிகளார், அதிர்ச்சி தாங்காமல் அங்கேயே வீழ்ந்து உயிர் நீத்தார். ஒரு குரு அலைந்து திரிந்து எழுப்பிய மாடம் அது. இன்னொரு குருவின் நெஞ்சு அதன் அழிவோடு நின்றுபோயிற்று.

இக்கொடுமையைக் குறித்துத் தமிழ்க் கவிஞர்கள் பலர் எழுதினர். எம். ஏ. நுஃமான் எழுதிய 'புத்தரின் படுகொலை' என்னும் கவிதை அவற்றுள் புகழ்பெற்றது. அன்பையும் அருளையும் போதித்த புத்தரே அன்று கொல்லப்பட்டார் என்பது அதன் கருத்து. இதில் நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. பெரும்பாலும் சைவர் வாழும் ஊரின் நூலகத்திற்காக ஓர் இசுலாமியக் கவிஞர் அழுதார். அழும்போதும் பௌத்தத்தை அவர் பழிக்கவில்லை. பௌத்தத்தின் பெயரால் ஆண்டவர்கள் பௌத்தத்தையே கொன்றுவிட்டனர் என்றுதான் வருந்தினார். சினத்திலும் நீதி தவறாத சொல் அது.

மீண்டும் எழுந்தது, மீண்டும் வீழ்ந்தது

சாம்பல் ஆறுவதற்குள் மக்கள் மீண்டும் நூல் சேர்க்கத் தொடங்கினர். 1982-இல் நூலக வாரம் கொண்டாடி ஆயிரக்கணக்கான நூல்களைத் திரட்டினர். கட்டடக் கலைஞர் வி. எஸ். துரைராஜா சீரமைப்புப் பணியில் ஈடுபட்டார். இடையே 1983-ஆம் ஆண்டின் சூலைக் கொடுமைகள் வந்தன. எனினும் பணி நிற்கவில்லை. 1984-இல் நூலகம் மீண்டும் திறக்கப்பட்டது. ஆனால் அது நின்ற இடமோ கோட்டைக்கு அருகில். கோட்டைக்குள் படையினர், வெளியே ஆயுதம் ஏந்திய இளைஞர்கள், நடுவே நூலகம். 1985-இல் அருகிலிருந்த காவல் நிலையம் தாக்கப்பட்டதைத் தொடர்ந்து படையினர் அங்கே நுழைந்து வெடி வைத்தனர். மீண்டும் சேர்த்த நூல்கள் மீண்டும் சிதறின. அதன் பின் பல ஆண்டுகள் குண்டு துளைத்த சுவர்களோடு அது வெறுங்கூடாக நின்றது.

இப்படி இரு முறை வீழ்ந்த நூலகம் இது ஒன்று மட்டும் அன்று. பெல்சியம் நாட்டில் லூவேன் என்னும் நகரில் பழம்பெரும் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று உள்ளது. 1914-ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் செர்மானியப் படையினர் அதன் நூலகத்திற்குத் தீயிட்டனர். ஏறத்தாழ 3 இலட்சம் நூல்கள் எரிந்தன. போர் முடிந்து 1919-இல் கையெழுத்தான வெர்சாய் உடன்படிக்கையில், எரிந்த நூல்களுக்கு ஈடாகச் செர்மனி நூல்கள் தர வேண்டும் என்று தனியொரு பிரிவே எழுதப்பட்டது. அமெரிக்க மக்கள் திரட்டிய கொடையால் 1928-இல் புதிய கட்டடம் எழுந்தது. 1940-ஆம் ஆண்டு மே மாதத்தில் அதுவும் எரிந்தது. இம்முறை ஏறத்தாழ 9 இலட்சம் நூல்கள். அதன் பின்னரும் அவர்கள் கட்டினார்கள். இன்றும் அந்த மாடம் நிற்கிறது.

லூவேன் கட்டடத்தைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. அதன் முகப்பில் இலத்தீன் வாசகம் ஒன்றைப் பொறிக்கத் திட்டமிட்டிருந்தனர். செர்மானியரின் வெறியால் வீழ்ந்ததையும் அமெரிக்கரின் கொடையால் எழுந்ததையும் அது சொல்லும். பகைமையைக் கல்லில் நிலைநிறுத்தலாகாது என்று பல்கலைக்கழகத் தலைவர் அதை ஏற்கவில்லை. உண்மையைக் கல்லில் எழுதாவிட்டால் அது மறைந்துவிடும் என்று மற்றோர் வாதிட்டனர். பெரும் பூசல் மூண்டது. இறுதியில் அந்த வாசகம் பொறிக்கப்படவில்லை. இரு தரப்பாரின் கவலையிலும் நியாயம் இருக்கிறது அன்றோ? அதே வழக்கு பின்னர் யாழ்ப்பாணத்திலும் எழுந்தது.

வெள்ளைச் சுண்ணாம்புக்கு அடியில்

1998-இல் குடியரசுத் தலைவர் சந்திரிகா குமாரதுங்கவின் ஆட்சிக் காலத்தில் நூலகத்தை மீண்டும் கட்டும் பணி தொடங்கிற்று. நாடெங்கும் நூல்களும் பணமும் திரட்டப்பட்டன. சிங்கள மக்களுள்ளும் பலர் மனமுவந்து தந்தனர். 2001-இல் கட்டடம் ஏறத்தாழ முடிந்தது. ஆனால் 2003-ஆம் ஆண்டு பிப்ரவரியில் திறப்பு விழா நெருங்கியபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது. எரிந்த கூட்டை அப்படியே நினைவுச் சின்னமாக விட்டுவிட்டுப் புதியதை வேறிடத்தில் கட்டியிருக்க வேண்டும் என்றனர் சிலர். சுண்ணாம்பு பூசிக் குற்றத்தை மறைக்கிறார்கள் என்றனர் வேறு சிலர். விடுதலைப் புலிகளும் திறப்பை எதிர்த்தனர். நெருக்குதலைக் கண்டித்து மாநகர சபை உறுப்பினர் 23 பேரும் பதவி விலகினர். விழா நடைபெறவில்லை, பின்னர் ஆரவாரமின்றிக் கதவு திறக்கப்பட்டது.

சில ஆண்டுகளுக்கு முன் மடு அன்னையின் திருத்தலத்திற்குத் திருப்பயணம் சென்றபோது யாழ்ப்பாணமும் சென்று அந்நூலகத்தைக் கண்டோம். வாசலில் காலணிகளைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே நுழைந்தோம். மாணவ மாணவியர் தலை குனிந்து படித்துக்கொண்டிருந்தனர். வெண்சுவர்களில் கரியின் சுவடு எதுவும் நம் கண்ணில் படவில்லை. அது மகிழ்ச்சிக்குரியதா, துயரத்திற்குரியதா என்று அன்று நமக்குத் தெளிவு ஏற்படவில்லை.

அந்தத் தெளிவுக்கு வழிகாட்டியவர் நம் சமவெளியிலேயே வாழும் ஓர் அம்மையார். மறுவாழ்வு முகாமில் குடும்பங்களைச் சந்திக்கச் சென்ற ஒரு நாள், யாழ்ப்பாணம் சென்று வந்த செய்தியை அவரிடம் சொன்னோம். சிறுமியாக இருந்தபோது அந்நூலகத்தின் சிறுவர் பகுதிக்குச் சென்று படித்தவர் அவர். நூலகம் என்ற சொல்லைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. "நாங்கள் செருப்பை வாசலிலை கழட்டி வைச்சிட்டுத்தான், ஃபாதர், உள்ளுக்குப் போறனாங்கள், கோயிலுக்குப் போறமாதிரி" என்றார். பின்னர் தம் தகரப் பெட்டியைத் திறந்து காட்டினார். அதற்குப் போட்டிருந்தது நம் திண்டுக்கல் பூட்டுத்தான். உள்ளே நகையோ பட்டோ இல்லை. திருமுழுக்குச் சான்றிதழ், கணவரின் இறப்புச் சான்றிதழ், பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ்கள், முகாம் பதிவு அட்டை ஆகியவை துணியில் சுற்றி வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு இடப்பெயர்விலும் சோற்றுப் பானையை விட்டுவிட்டு இவற்றைத்தான் எடுத்துக்கொண்டு ஓடினாராம். தாம் யார் என்பதற்கு அந்தத் தாள்களைத் தவிர உலகில் வேறு சாட்சி இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

நூலகத்தைச் சிறப்பாகக் கட்டியிருக்கிறார்கள், அம்மா என்றோம். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "கட்டினது நல்லதுதான், ஃபாதர். ஆனா எரிச்சவையிலை ஒருத்தராவது வந்து, நாங்கள்தான் செய்தனாங்கள் எண்டு சொன்னவையே?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நம்மிடம் விடை இருக்கவில்லை.

ஒப்புரவு அருட்சாதனத்தைப் பற்றிக் குருமடத்தில் நாம் பயின்ற பாடம் அப்போது நினைவுக்கு வந்தது. 1551-இல் திரிதெந்தின் பொதுச்சங்கம், பாவியின் பங்கில் மூன்று செயல்கள் வேண்டும் என்று கற்பித்தது: உள்ளத்தில் துயரம், வாயால் அறிக்கை, செயலால் பரிகாரம். இம்மூன்றையும் தனித்தனியே பிரிக்க முடியாது. துயரம் மட்டும் இருந்து பரிகாரம் இல்லையேல் அது வெறும் கண்ணீர். பரிகாரம் மட்டும் இருந்து அறிக்கை இல்லையேல் அது சுவரில் பூசிய வெள்ளைச் சுண்ணாம்பு. யாழ்ப்பாணத்தில் கட்டடம் எழுந்தது. பரிகாரத்தின் ஒரு பகுதி நிறைவேறிற்று. 2016-ஆம் ஆண்டு திசம்பரில் அன்றைய தலைமை அமைச்சர் இரணில் விக்கிரமசிங்க நாடாளுமன்றத்தில் இதற்காக மன்னிப்புக் கோரினார். 1981-இல் அந்த அரசில் தாமும் அமைச்சராக இருந்தவர் அவர். 35 ஆண்டுகள் கழித்து வந்தாலும் அந்தச் சொல் மதிப்புடையது. ஆயினும் தீ வைத்த கைகளுக்கு உரியவர் எவரும் நீதிமன்றத்தில் தண்டனை பெற்றதில்லை. அந்த அம்மையாரின் கேள்வி இன்னும் நின்றுகொண்டிருக்கிறது.

கிறித்தவர் மன்னிக்கக் கடமைப்பட்டவர். ஆனால் மன்னிப்பது மறப்பதாகாது. உயிர்த்த ஆண்டவர் தம் காயங்களை மறைத்துக்கொண்டு சீடரிடம் வரவில்லை. அவற்றைக் காட்டியே அமைதி வழங்கினார். அக்காயங்களில் குருதி வழியவில்லை; எனினும் தழும்பு மறையவும் இல்லை. சினத்தை வளர்க்கும் நினைவும் உண்டு. சமாதானத்திற்கு அடித்தளமாகும் நினைவும் உண்டு. எரிந்த கூட்டை அப்படியே விட்டிருக்க வேண்டும் என்றவர்களும், பிள்ளைகள் படிக்க இடம் வேண்டும் என்றவர்களும் இதனால் ஒன்றாகப் பொருந்துகிறார்கள். மாடம் எழ வேண்டும். தழும்பும் தெரிய வேண்டும்.

பாரூக்கின் மை

நூல் எரிப்பு விவிலியத்திற்குப் புதிதன்று. எரேமியா நூலின் 36-ஆம் அதிகாரத்தை வாசகர் ஒரு முறை எடுத்துப் படிப்பாராக. இறைவாக்கினர் சொல்லச் சொல்லப் பாரூக்கு ஒரு சுருளில் எழுதுகிறார். குளிர்காலம். யோயாக்கிம் அரசன் கணப்புச் சட்டியின் அருகே அமர்ந்திருக்கிறான். சுருள் அவன்முன் வாசிக்கப்படுகிறது. மூன்று நான்கு பத்தி வாசித்ததும் அதைக் கத்தியால் அறுத்து நெருப்பில் போடுகிறான். சுருள் முழுவதும் தீரும்வரை அவ்வாறே செய்கிறான். எரிக்க வேண்டாம் என்று அவையில் மூவர் மன்றாடுகின்றனர், அவன் செவிசாய்க்கவில்லை. தீமை நிகழும் அவையிலும் வேண்டாம் என்று சொல்லும் மூவரேனும் இருந்தனர் என்பதை விவிலியம் மறவாமல் குறித்து வைத்திருக்கிறது.

பிறகு என்ன நடந்தது? எரேமியா வேறொரு சுருளை எடுத்துப் பாரூக்கிடம் கொடுக்கிறார். எரிந்தவை யாவும் மீண்டும் எழுதப்படுகின்றன. அதோடு முடியவில்லை, முன்னதில் இல்லாத பல சொற்களும் அதில் சேர்க்கப்படுகின்றன. தீயின் தோல்வி இங்கேதான் இருக்கிறது. எரித்தவனின் பெயரும் அவன் எரித்த செய்தியுங்கூட அப்புதிய சுருளின் பகுதியாகிவிட்டன!

மக்கபேயர் நூல்களிலும் இதே செய்தி வருகிறது. திருச்சட்ட நூல்கள் கிழித்து எரிக்கப்பட்டதை முதல் நூல் கூறுகிறது. நெகேமியா நூலகம் ஒன்றை நிறுவி நூல்களைத் திரட்டியதையும், போரால் சிதறிய நூல்களை யூதா மக்கபே அவ்வாறே மீண்டும் சேர்த்ததையும் இரண்டாம் நூலின் 2-ஆம் அதிகாரம் கூறுகிறது. அதை எழுதியோர் தொலைவில் உள்ள தம் உடன்பிறப்புகளுக்கு, இந்நூல்கள் வேண்டுமாயின் ஆள் அனுப்பிப் பெற்றுக்கொள்ளுங்கள் என்றும் தெரிவிக்கின்றனர். வாளெடுத்த வீரன் நூல் சேர்த்தான் என்பதும், சேர்த்ததைப் பூட்டி வைக்காமல் பகிர்ந்தான் என்பதும் எண்ணி மகிழத்தக்கவை.

நம் காலத்திலும் பாரூக்குகள் இருக்கின்றனர். 2005-ஆம் ஆண்டில் தொடங்கிய 'நூலகம்' என்னும் இணைய முயற்சியைச் சேர்ந்த தன்னார்வலர்கள், வீடு வீடாக எஞ்சியிருந்த ஈழத்து நூல்களையும் இதழ்களையும் தேடிப் பக்கம் பக்கமாகப் படியெடுத்துச் சேமித்து வருகின்றனர். இன்று திண்டுக்கல்லில் இருந்துகொண்டே ஒரு மாணவன் அவற்றைக் கட்டணமின்றிப் படிக்கலாம். எரிக்கும் தீ இனி ஓர் ஊரை மட்டும் சூழ்ந்து வெற்றி பெற முடியாது.

ஆனால் தீ ஒன்றுதானா நூலின் பகை? தமிழகத்தில் நாம் எரித்தவற்றைவிட அழிய விட்டவையே மிகுதி. பதினெட்டாம் பெருக்கன்று ஏடுகளை ஆற்றில் விடும் வழக்கத்தால் மறைந்தவை எத்தனை என்று உ. வே. சாமிநாதையர் வருந்தினார். வசம்பு வைத்துக் காத்த முன்னோரின் பொறுமை நம்மிடம் இல்லை. நம் மறைமாவட்டத்தின் பழம்பெரும் பங்குகளிலேயே திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகள் பல ஈரத்திலும் கரையானிலும் அழிந்துகொண்டிருக்கக் காண்கிறோம். திருச்சபைச் சட்டத்தின் 535-ஆம் பிரிவு, ஒவ்வொரு பங்கிலும் பதிவேடுகளும் ஆவணக் காப்பகமும் இருக்க வேண்டும் என்றும், பழைய பதிவேடுகளைக் கருத்துடன் காக்க வேண்டும் என்றும் பணிக்கிறது. இதை அலுவலக ஒழுங்கு என்று மட்டும் கருதலாகாது. அப்பதிவேடுகளில் இருப்பவை ஏழை உழவரின், தோல் பதனிட்ட தொழிலாளரின், பூட்டுப் பட்டறைக் கம்மியரின் பெயர்கள். வேறு எந்த வரலாற்று நூலும் அவர்கள் பெயரை எழுதி வைக்கவில்லை. அந்த அம்மையாரின் தகரப் பெட்டியைப் போன்றதே நம் பங்கின் இரும்பு அலமாரியும்.

ஆகவே, வாசகர்களிடம் நாம் வேண்டிக்கொள்வன மூன்று. ஒன்று, உங்கள் பங்கின் பழைய ஏடுகளை இந்த ஆண்டே வெயில் காட்டித் துடைத்து, படியெடுத்து வையுங்கள். இரண்டு, ஆலய வளாகத்தில் எல்லாச் சமயத்தாரும் தயக்கமின்றி வந்து அமரக்கூடிய படிப்பறை ஒன்றைத் திறந்து வையுங்கள். செல்லப்பா தொடங்கியதும் தம் வீட்டிலிருந்த நூல்களோடுதான். ஓர் அறையும் ஒரு மேசையும் தொடக்கத்திற்குப் போதும். திண்டுக்கல்லில் ஆண்டுதோறும் நடைபெறும் புத்தகத் திருவிழாவில் நீங்கள் வாங்கும் நூல்களுள் ஒன்றை அந்த அறைக்குக் கொடுங்கள். மூன்று, நம் அருகே வாழும் இலங்கைத் தமிழ்க் குடும்பங்களின் முதியோரிடம் சென்று அமர்ந்து அவர்கள் சொல்வதைக் கேளுங்கள்; அவர்கள் இசைந்தால் எழுதி வையுங்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் யாழ்ப்பாணத்தையோ மன்னாரையோ கண்ணால் கண்டதில்லை. முதியோர் ஒவ்வொருவரும் மறையும்போது, தீயின்றியே ஒரு நூலகம் எரிந்துபோகிறது.

யோயாக்கிமின் கணப்புச் சட்டி எங்கே போயிற்று என்று இன்று எவருக்கும் தெரியாது. பாரூக்கு எழுதிய சொற்களை இன்றும் திருப்பலியில் நாம் வாசிக்கிறோம். மை உலர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்வது நம் கடமை.